மாப்பிள்ளையின் பெயருக்கு நான் வைத்த நிழல்

என் தொந்தி மாப்பிள்ளை வேலப்பனுக்கு,

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். உன்னை எதைக் கேட்டு விசாரிப்பது? காய்ச்சல் விட்டதா என்று கேட்கலாமா? கஞ்சி குடித்தாயா என்று கேட்கலாமா? நீ போய் நாலு மாதம் ஆகிறது. இந்த நாலு மாதத்தில் மனசுக்குள் உன்னோடு பேசாத நாள் கிடையாது. அதில் பாதி நாள் திட்டுத்தான், அது உனக்கே தெரிந்திருக்கும்.

இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் மகள் ராசாத்தி. பதறாதே, உயிரோடுதான் இருக்கிறாள். ஆனால் அவள் முழுசாகத் தேற வேண்டுமானால் நான் ஒரு காரியம் செய்தாக வேண்டும். சின்னக் காரியம், ஒரு நொடிகூடப் பிடிக்காது. அதற்குத்தான் எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. உன்னிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம் என்று பார்க்கிறேன்.

ஊர்ச் சேதியையும் கேட்டுக்கொள். யுத்தம் இன்னும் முடியவில்லை. காகிதத்துக்கு அலைந்து என் செருப்பு தேய்ந்துவிட்டது. சேந்தமங்கலம் பஸ் இப்போது பெட்ரோலில் ஓடவில்லை, பின்னால் ஒரு அடுப்பைக் கட்டிக் கரியை எரித்துக்கொண்டு ஓடுகிறது. ஏற்றம் வந்தால் டிக்கெட் வாங்கிய நாமே இறங்கித் தள்ள வேண்டும். போன வாரம் நாமக்கல்லில் புது நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருக்கிறது. வந்ததும் வராததுமாக, நம் அச்சாபீஸ் பூட்டியிருக்கவும் என் வீட்டையே தேடி வந்து, "அந்த நெழல் எழுத்துல நோட்டீஸ் அடிச்சுக் குடுங்க" என்று நிற்கிறார்கள். இருக்கிறதா இல்லையா என்று சொல்லாமல் அனுப்பிவிட்டேன்.

உன் எழுத்தைப் பற்றி உனக்கே சொல்கிறேன் என்று சிரிக்காதே. பெருமையாகப் பேச எனக்கு வேறு என்ன இருக்கிறது? நான் எழுத்துக் கோர்ப்பவன், நீ எழுத்துச் செதுக்குபவன். ஈய எழுத்து நாடக நோட்டீசுக்குப் பத்தாது என்று பாலைக் கட்டையில் பெரிய எழுத்துகளை வெட்ட ஆரம்பித்தாய். உன்னைப் போலவே எல்லாவற்றுக்கும் தொந்தி. உன் 'கு' சோற்றுக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும். உன் 'ழ' கோமாளி கணக்காக ஒரு காலைத் தூக்கி ஆடும். ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு கட்டை, ஒன்று எழுத்துக்கு, இன்னொன்று அதன் நிழலுக்கு. எழுத்தைச் சிவப்பில் அடித்துக் காயவைத்து, அதன் மேலேயே நிழலைக் கறுப்பில் அடித்தால், எழுத்து காகிதத்தை விட்டு எழுந்து முன்னால் வந்து நிற்கும்.

சந்தைப்பேட்டைச் சுவரில் முதல் நோட்டீசை ஒட்டிய அன்று ஒரு பெரியவர் தன் துண்டைக் கொண்டுபோய் 'ந'வின் மேல் மாட்டினார். துண்டு கீழே விழுந்தது. எடுத்து உதறி மறுபடியும் மாட்டினார். நாம் இருவரும் எதிர்க்கடையில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரிப்பும் கும்மாளமுமாக இருந்த நீ ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. யார் வீட்டுக் கருமாதிப் பத்திரிகை அடிக்க வந்தாலும் நிழல் கட்டைப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாய்.

"போறவனுக்கு நெழலு எதுக்கு மச்சான்? அதையும் குடுத்துப்போட்டா அவன் எப்படிக் கெளம்புவான்?" என்பாய்.

"உன்ற எழுத்து அத்தனை பெரிய எமன் பாரு" என்று நான் கிண்டல் பண்ணுவேன். நீ சிரிக்க மாட்டாய்.

பிறகு நீ கொல்லிமலை ஏறினாய். நல்ல கட்டை கீழே கிடைக்கவில்லை, மலையில் இருக்கிறது என்று எவனோ சொன்னான். ஐப்பசி மழையில் மலை ஏறினால் காய்ச்சல் வரும் என்று நான் சொன்னேன், என் தங்கை பாவாயியும் சொன்னாள். நீ எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "அண்ணனும் தங்கச்சியும் ஒரே ராகம்" என்று சொல்லிவிட்டுப் போனாய். முதுகில் கட்டையோடும் உடம்பில் மலைக்காய்ச்சலோடும் வந்தாய். ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

உன் கருமாதிப் பத்திரிகையை நான்தான் கோர்த்தேன். காகிதம் இல்லாததால் நாற்பது பிரதி, சொந்தம், சிநேகிதம் என்று நெருங்கிய ஒறம்பரைக்கு மட்டும். முதலில் முறைப்படி ஈய எழுத்தில்தான் உன் பெயரை வைத்தேன். ஒரு ப்ரூப் எடுத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை, அது உன் பெயராகவே இல்லை. சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி மெலிந்து கிடந்தது. இந்த ஜில்லாவில் ராஜபார்ட்டுக்கும் கோமாளிக்கும் நிழல் வைத்துக் கொடுத்தவன் பெயரா இது என்று எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் ஆத்திரம் என்று கேட்காதே. சாவி பாவாயியிடம் இருந்தது. வேறு எதற்கோ என்று பொய் சொல்லி வாங்கிவந்து பெட்டியைத் திறந்தேன்.

பெயரைக் கறுப்பில் அடித்தேன். அதே மையில் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சாம்பல் நிறமாக்கி நிழலை அடித்தேன். உன் பெயர் எழுந்து உட்கார்ந்தது. அச்சாபீசில் தனியாக நின்று விம்மி விம்மி அழுதேன். தப்புச் செய்கிறோம் என்று தெரிந்தே செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கருமாதி முடிந்த மூன்றாம் நாள் பாவாயி வீட்டுக்குப் போனேன். உன் வீட்டு வாசல் மேற்கே பார்த்தது. நாலு மணிக்கு வெயில் நேராக உள்ளே நுழைந்து எதிர்ச்சுவரில் விழும். அந்த வெளிச்சத்துக்காகத்தான் நீ படியில் உட்கார்ந்து கட்டை வெட்டுவாய். அன்று படி காலியாக இருந்தது. சுவரில் உன் நிழல் இருந்தது.

குடுமி, தொந்தி, முழங்காலுக்கு நடுவே கட்டை, உளி பிடித்த வலது கை. கை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை. நான் படியைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், மறுபடியும் படியைப் பார்த்தேன். படியின் மேல் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நான் உள்ளே காலை வைத்ததும் சுவரில் அந்தக் கை நின்றது. நான் நின்றபடி நிற்க, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஆட ஆரம்பித்தது.

பாவாயி அடுப்படியிலிருந்து வந்தாள். "பாத்துட்டியா அண்ணா? காரியம் முடிஞ்ச நாள்ல இருந்து இப்படித்தான். வெயிலு எறங்கினாப் போயிருது, அடுத்த நாளு வந்துருது" என்றாள். அழவில்லை, அலறவில்லை. கையில் இருந்த முறத்தை மட்டும் கீழே வைக்காமலே நின்றாள்.

ராசாத்தி அந்தச் சுவரோரம் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். உன் நிழலின் மடிக்குள் சரியாக உட்கார்ந்திருந்தாள். "இங்க குளுந்திருக்குதுங்க மாமா, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டாள். கிட்டே போய்ச் சுவரைத் தொட்டேன். வெயில் விழும் சுவர், கிணற்றடிக் கல்லைப் போலச் சில்லென்று இருந்தது.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முடியெல்லாம் சிலிர்த்து நின்றது, அதற்கு அடியில் ஒரு சந்தோஷம். அடுத்த நாளும் போனேன். தினமும் போனேன். நாலு மணி ஆனால் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். சுவருக்கு எதிரே உட்கார்ந்து அச்சாபீஸ் கதையெல்லாம் உன்னிடம் சொன்னேன். நீ கேட்டாயா? கேட்ட மாதிரிதான் இருந்தது. நான் சிரிக்கும்படியாக எதையாவது சொன்னால் உன் தொந்தி குலுங்கியது.

தைப் பொங்கல் முடிந்த வாரம். வாசலில் ராசாத்தி கோழியை விரட்டிக்கொண்டிருந்தாள். கோழியின் நிழல் தரையில் மையாக விழுந்தது. குடத்தின் நிழலும் அப்படித்தான். பிள்ளையின் காலடியில் மட்டும் என்னமோ போலிருந்தது. மை தடவாமல் நாலாம் தரம் அடித்தால் காகிதத்தில் ஒரு மங்கல் விழும் பார், அந்த அளவுக்குத்தான் அவளுடைய நிழல் இருந்தது.

பிள்ளை இளைத்திருந்தாள். எந்நேரமும் தூக்கம். தொட்டால் சில்லென்று இருந்தது. வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, "ஒடம்புல ஒரு கொறையும் இல்லீங்க, எனக்கு ஒண்ணும் பிடிபடலீங்க" என்று கையை விரித்தார். நான் அவளை மடியில் இருத்திக் கேட்டேன்.

"ஏஞ்சாமி, உன்ற நெழலு எங்கே?"

"அப்பனுக்குப் பத்தலீங்க மாமா. கொஞ்சங் கொஞ்சமா நான் தாரேன்."

"அப்பன் கேட்டானா?"

"கேக்கலீங்க. வேண்டாம் வேண்டாம்னுதான் கையை ஆட்டறாரு. நானாத்தான் தாரேன்."

மாப்பிள்ளை, அந்தப் பதிலைக் கேட்டதும் என் சந்தோஷமெல்லாம் செத்தது. நீ வேண்டாம் என்று கையை ஆட்டியதை நான் உளி வெட்டுவதாக நினைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை நாளாக ஆட்டினாய்? என்னிடம் எப்படித்தான் சொல்ல முயன்றாயோ?

எருமப்பட்டியில் நல்ல பூசாரி ஒருவர் இருக்கிறார் என்று கேட்டு, அங்கே இருக்கும் என் பெரியப்பாவைப் பார்க்க ஓடினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் சாமி படத்துக்குப் பக்கத்தில் உன் பெயர் கண்ணில் பட்டது. உன் கருமாதிப் பத்திரிகை. நாலு மூலையிலும் பசை தடவி ஒட்டி, சந்தனப் பொட்டு வேறு வைத்திருந்தார்கள்.

கருமாதிப் பத்திரிகை வந்தால் வாசலிலேயே நின்று படித்து, படித்த கையோடு கிழித்துப் போட வேண்டும், படி தாண்டி உள்ளே கொண்டுபோகவே கூடாது. நம் பக்கத்தில் கைப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

"ஏனுங்க பெரியப்பா, இதைக் கிழிக்கலீங்களா?"

"எப்படிடா கிழிக்கறது? அந்த எழுத்தைப் பாரு. தொட்டா உள்ளே ஆளு இருக்கற மாதிரி இருக்குது. வேலப்பன் கழுத்தையே திருகற மாதிரி ஆவாதா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வைத்த நிழலைப் பார்த்து ஒருவருக்கும் கிழிக்க மனசு வரவில்லை. நாற்பது வீட்டுக்குள் உன்னைக் கூட்டிக்கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நீ எப்படிக் கிளம்புவாய்? பூசாரியை மறந்தேன். பெரியப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைச் சுவரோடு சுரண்டி எடுத்துக் கிழித்தேன். "கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு!" என்று கத்தினார். காலில் விழுந்து எழுந்துவந்தேன். மறுநாள் நாலு மணிக்குச் சுவரில் பார்த்தால் உன் நிழலுக்குக் குடுமி இல்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் அச்சாபீசையே திறக்கவில்லை. விலாசம் எல்லாம் நான் எழுதியதுதானே, ஒவ்வொன்றாகத் தேடிப் போனேன். ஆத்தூர் அத்தை ட்ரங்குப் பெட்டியில் பட்டுச் சேலைக்கு நடுவே வைத்திருந்தாள். "கிழிக்காதப்பா, எங்க வூட்ல இவ்ளோ லட்சணமான காயிதம் வேற ஒண்ணும் இல்ல" என்று மடியில் போட்டு மூடிக்கொண்டாள். சண்டை போட்டுத்தான் வாங்கினேன். இளம்பிள்ளை ஊரில் உன் சிநேகிதன் அதைத் தறிக்கு முன்னால் தொங்கவிட்டிருந்தான். சேலைக் கரையில் பூவுக்கு நிழல் விழுகிற மாதிரி போடலாமா என்று பார்த்து நெய்துகொண்டிருந்தான். பாதி நெய்திருந்தான், நன்றாகவே வந்திருந்தது. அவனிடம் பிள்ளையின் சங்கதியைச் சொன்னேன். அவனே எடுத்துக் கிழித்துக் கொடுத்தான். சில வீடுகளில் திண்டாட்டம், சில வீடுகளில் திட்டு, ஒரு வீட்டில் நாயையே ஏவிவிட்டார்கள். போன இடமெல்லாம், செத்தவன் பெயரைக் கிழிக்க வந்த பாவி என்று பெயர் வாங்கினேன்.

ஒவ்வொரு தரம் திரும்பி வரும்போதும் சுவரில் நீ கொஞ்சம் குறைந்திருந்தாய். தலை போனது. தோள் போனது. தொந்தி போன அன்று மட்டும் பாவாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பக்கம் நீ குறையக் குறைய, இந்தப் பக்கம் பிள்ளையின் நிழல் தரையில் கறுத்தது. சோறு கேட்டாள், கோழியைத் துரத்தினாள், என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

நாற்பதில் முப்பத்தொன்பதைத் தீர்த்துவிட்டேன். சுவரில் கை மட்டும் மிச்சம். வெறும் கை, மணிக்கட்டிலிருந்து உளி வரைக்கும். நாலு மணிக்கு வெளிச்சம் விழுந்ததும் அந்த ஒற்றைக் கை சுவரில் வந்து ஆடுகிறது. ராசாத்தியின் நிழலில் வலது கை மட்டும் இல்லை. நிழலில் மட்டுமா? அவள் வலது கை ஐஸ் மாதிரி இருக்கிறது, சோற்றை எடுத்து வாயில் வைக்கவும் முடியவில்லை. இடது கையால் சாப்பிடுகிறாள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேலி பேசுகிறார்களாம்.

மிச்சம் ஒரு பிரதி, பாவாயிக்குக் கொடுத்தது. அவள்தான் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று எனக்கு நிச்சயம். புருஷன் பெயர், விடுவாளா? கேட்கவே எனக்குத் தைரியம் இல்லாமல் மூன்று நாள் சுற்றினேன். நேற்று மத்தியானம் உச்சி வெயிலில் போய்க் கேட்டேவிட்டேன்.

"பாவாயி, உன்றகிட்ட இருக்கறதைக் குடு. பிள்ளை முக்கியமா, காயிதம் முக்கியமா?"

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. "என்றகிட்ட என்ன இருக்குது? நீ குடுத்த அன்னிக்கே கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன்."

"பொய் சொல்லாதே அம்மிணி."

"நான் எதுக்கு அண்ணா பொய் சொல்றேன்? ஒன்பது நாளு அவரு பட்ட பாட்டைப் பாத்தவ நானு. போகட்டும், நல்லபடியாப் போகட்டும்னு கும்பிட்டுக் கிழிச்சேன். என்ற புருஷனுக்கு நான் செய்யறதுக்கு வேற என்ன இருந்துச்சு?" முறத்தைக் கீழே வைத்தாள். "அந்தக் கையை நானும் நெதமும் பாத்துட்டு இருக்கேன். ஊரூராப் போயி எல்லார்த்து ஊட்டுலயும் பிடுங்கிக் கிழிச்சியே, எப்பவும் கையை வச்சுப் பொத்திட்டுத் திரியறியே, உன்ற சட்டைப் பையில என்ன இருக்குது அண்ணா?"

மாப்பிள்ளை, என் சட்டைப் பையில் நீ இருக்கிறாய்.

நாற்பது பிரதிக்கும் முன்னால் எடுத்த முதல் பிரதி. நிழல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க எடுத்தது. அதில்தான் மை நன்றாகப் பிடித்திருக்கிறது. கணக்கிலேயே வராத காகிதம், அதனால் அது என் நினைப்புக்கே வரவில்லை என்று சொன்னால் நீ நம்புவாயா? நானே நம்பவில்லை. அத்தையிடம் சண்டை போட்டபோதும் அது என் நெஞ்சோடுதான் இருந்தது. பெரியப்பாவின் காலில் விழுந்தபோதும் அதைக் கசங்காமல் கையால் பிடித்துக்கொண்டுதான் விழுந்தேன்.

பாவாயி என்னைத் திட்டவில்லை. "ஒரு நாளு எடுத்துக்க" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு நாள்தான் இது. காகிதம் இப்போது எனக்கு முன்னால் இருக்கிறது. உன் பெயர் தொந்தியைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மணி மூன்று ஆகிறது. கொஞ்ச நேரத்தில் அங்கே வெளிச்சம் விழும்.

நீ போன அன்று உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழவில்லை, பத்திரிகை அடிக்க ஓடிவிட்டேன். கருமாதி அன்று ஆட்களைக் கவனித்தேன். அதற்குப் பிறகு நீ தினமும் நாலு மணிக்கு வந்துகொண்டிருந்தாய். உன்னை நான் இன்னும் அனுப்பவே இல்லையடா. எல்லோரும் அனுப்பிவிட்டார்கள், பெண்டாட்டி அனுப்பிவிட்டாள். பிடித்துவைத்துக்கொண்டிருப்பவன் நான் ஒருத்தன்தான். இத்தனை நாளாக நீ வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டியது பிள்ளையிடமா, என்னிடமா? அது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

வலிக்குமா என்று கேட்கலாம் என்று இருந்தேன். கேட்கவில்லை. இதை மடித்து வைத்ததும் கிழிக்கிறேன். உன் பெயருக்குக் குறுக்கே கிழிக்க மனசு வராது, ஆனாலும் குறுக்கேதான் கிழிப்பேன். பாதி வேலை செய்து பிள்ளையின் கையில் ஒரு விரலைக்கூடத் தேறாமல் விட்டுவைக்கக் கூடாது.

கிழித்துவிட்டு நேராக உன் வீட்டுக்குப் போகிறேன். இன்றைக்கு மட்டும் இல்லை, நாளைக்கும், அதற்கு மறுநாளும். நாலு மணிக்கு உன் வாசற்படியில் நான் உட்காருவேன். என் நிழலுக்குத் தொந்தி கிடையாது, எலும்பும் தோலுமாகத்தான் சுவரில் விழும், பிள்ளைக்கு உட்கார மடிகூட அகலம் பத்தாது. இருந்தாலும் உயிருள்ளவன் நிழல், அவளிடம் எதையும் வாங்காது. அவள் வளர்ந்து, சுவரோரம் உட்கார்ந்தது போதும் என்று தானாக எழுந்து போகிற வரைக்கும் அந்தப் படியை விட்டு நான் எழுந்திருக்க மாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

போய் வா, மாப்பிள்ளை. இல்லை, போ.

உன் பெண்டாட்டியின் அண்ணன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
நாச்சிமுத்து